‘இ’ காணாமல் போன காலம்



இன்றைய அரங்கில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, திறமூல மென்பொருள் உலகில் ஒரு புதிய கருத்து எப்படி ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பது. நான் கணினி படித்தவன் அல்லன். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், நடந்த ஒரு கதை வழியாகவே இதைச் சொல்கிறேன். நம் மண்ணுக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

1996ஆம் ஆண்டு. எங்கள் பள்ளிக்கு ஓர் ஆண்டு நிறைவு மலர். மலர்க்குழுவின் செயலாளர் நான். செலவைக் குறைக்கலாம் என்று நண்பர் ஒருவர் வீட்டிலேயே கணினியில் 48 பக்கத்தையும் தட்டச்சு செய்து ஒரு வட்டில் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி வட்டைப் போட்டுத் திறந்தார். ‘வாழ்த்துரை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் டாலர் குறியும் கேள்விக்குறியும் நாலைந்து கோடுகளும் நின்றன. “சார், உங்க எழுத்துரு வேற, எங்க எழுத்துரு வேற. எல்லாத்தையும் மறுபடி அடிக்கணும்” என்றார். விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி அடித்தோம்.

தமிழைத் தமிழே படிக்க முடியவில்லை. இது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். அன்றைய முறையில் மொத்தம் 256 நாற்காலிகள். முதல் 128இல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அமர்ந்துவிட்டன. மீதி 128இல் தமிழை எப்படி உட்கார வைப்பது? ஆளுக்கு ஒரு விதமாக உட்கார வைத்தார்கள். ஒரு மென்பொருளில் ‘க’ அமர்ந்த நாற்காலியில் இன்னொன்றில் ‘ஞ’ அமர்ந்திருந்தது. ஒவ்வொருவரும் தம் ஏற்பாடே சிறந்தது என்றார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவர் சொன்னதிலும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. சிக்கலே அதுதான்.

பெரியார் அச்சகத்தில் தொடங்கியது

இதற்கு முன்னோடியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் பற்றி நாம் எல்லாரும் அறிவோம். ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளுக்கு இருந்த பழைய சுழிப்பு வடிவங்களை விட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே எழுதலாம் என்று பெரியார் சொன்னது 1935இல். சொன்னதோடு அவர் நிற்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவும் இல்லை. தம் ‘குடி அரசு’ ஏட்டில் அந்த எழுத்துகளைப் போட்டு அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்தது 1978இல். நடுவில் 43 ஆண்டுகள். அதன் பிறகே சிங்கப்பூரும் நாமும் அந்த வழிக்கு வந்தோம். கேட்டதெல்லாம் கிடைக்கவும் இல்லை. ‘ஐ’ என்பதை ‘அய்’ என்றே எழுதலாம் என்பதும் அவர் சொன்னதுதான். அரசு ஆணையில் அது இடம் பெறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கருத்து பேச்சாக மட்டும் வரவில்லை, அச்சேறிய தாளாக வந்தது என்பது. ‘இதைப் படிக்கவே முடியாது’ என்று எவரும் சொல்ல முடியாது. படித்துக்கொண்டே இருந்தார்கள். பின்னாளில் மென்பொருள்காரர்கள் ‘முதலில் ஓடுகிற நிரலைக் காட்டு, பிறகு பேசலாம்’ என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அந்த விதியைக் கணினி வருவதற்கு முன்பே ஈரோட்டுக்காரர் கடைப்பிடித்திருக்கிறார் என்பது என் கருத்து.

இனி மென்பொருளுக்கு வருவோம். நம் நாட்டில் பிறந்து ஆஸ்திரேலியாவின் சிட்னியில் குடியேறிய பாலா பிள்ளை 1995இல் ‘தமிழ்.நெட்’ என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் அதில் கூடினார்கள். கூடிய பிறகுதான் எங்கள் மலர்க்குழுவுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தது: ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியவில்லை. கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் தம் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை அந்தக் குழுவினருக்கு இலவசமாகத் தந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்து அதையும் இலவசமாகவே கொடுத்திருந்தார். கனடாவில் ஒருவர், அமெரிக்காவில் சிலர், சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடத்திய ‘தமிழ்நெட் 97’ மாநாட்டில்தான் இந்தச் சிக்கல் முதன்முறையாகப் பலரும் பார்க்க மேடையேறியது. 1999இல் அவர் மறைந்துவிட்டார். தம் முயற்சி எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த 1997இல்தான் மின்னஞ்சல் வழியாகவே ஒரு பொதுக் குறியீட்டுக்கான விவாதமும் தொடங்கியது. ஒரு பக்கம் எழுத்துரு செய்தவர்கள், ஒரு பக்கம் இணையத்தளம் நடத்தியவர்கள், இன்னொரு பக்கம் தமிழ் இலக்கணம் பேசியவர்கள். அதில் பிறந்ததுதான் ‘திஸ்கி’ என்று நாம் சுருக்கமாக அழைத்த தமிழ்த் தகவல் பரிமாற்றக் குறியீடு. எந்த அரசும் கேட்கவில்லை. எவரும் சம்பளம் கொடுக்கவில்லை. பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் இரவில் செய்தது.

எழுத்துகள் 247, நாற்காலிகள் 128. எதை உட்கார வைப்பது, எதை நிற்க வைப்பது? ‘கு’, ‘கூ’ போன்றவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம் கொண்டவை. ஆகவே அவற்றுக்குத் தனித்தனி இடம். காலும் கொம்பும் தனியாக நின்று எந்த எழுத்தோடும் சேர்ந்துகொள்ளலாம். ஆகவே அவற்றுக்கு ஒவ்வோர் இடம் போதும். கிரந்த எழுத்து வேண்டுமா? தமிழ் எண்களுக்கு இடம் கொடுப்பதா? இப்படி ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வழக்கு. கடைசியில் கிரந்தமும் வந்தது, தமிழ் எண்களும் வந்தன. எவருக்கும் முழு மனநிறைவு இல்லை. ஒரு பொதுக் காரியம் ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

இது ஏற்கப்பட்டதற்குக் காரணம் என்ன? இதைவிட அழகான அட்டவணைகள் அப்போது இருந்தன. ஆனால் முரசு அஞ்சலுக்கு ஏற்கெனவே சொந்தமாக ஓர் ஏற்பாடு இருந்தது, பயனர்களும் இருந்தார்கள். அப்படி இருந்தும் அது தன் ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்காமல் திஸ்கிக்கு மாறியது. மயிலைக்காரரும் ‘மயிலையைத்தான் எல்லாரும் பின்பற்ற வேண்டும்’ என்று நிற்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் திட்டம், தன் நூல்களைத் திஸ்கியில் தரத் தொடங்கியது. திருக்குறள் வேண்டுமா, திஸ்கி எழுத்துருவை இறக்கிக்கொள் என்றால் யார் மறுப்பார்கள்? கருத்தை முன்வைத்தவர்கள் கையில் பொருள் இருந்தது. தம்முடையதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நின்றதால், மற்றவர்களிடமும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்க அவர்களுக்கு முகம் இருந்தது.

173ஆம் நாற்காலி

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். திஸ்கியில் ‘இ’ என்ற எழுத்துக்குக் கிடைத்தது 173ஆம் நாற்காலி. அதே எண், உலக மென்பொருள் வழக்கில் ‘மென்கோடு’ எனப்படும் குறிக்கு உரியது. வரியின் ஓரத்தில் சொல் உடைந்தால் மட்டும் தெரியும், மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் கோடு அது. சில மென்பொருள்கள் அந்த எண்ணைப் பார்த்ததும், ‘ஓ, மறைய வேண்டிய ஆள்’ என்று நினைத்து மறைத்துவிட்டன. ‘இன்று’ என்பது ‘ன்று’ ஆயிற்று. ‘இலங்கை’ ‘லங்கை’ ஆயிற்று. கம்பருக்கு வேண்டுமானால் அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

என்ன செய்தார்கள்? குறையை மூடி மறைக்கவில்லை. 1.7ஆம் பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடத்தையும் கொடுத்தார்கள். பழைய ஆவணங்கள் கெட்டுவிடாமல் 173இல் உள்ளதையும் ‘இ’ என்றே படிக்கும் வழியையும் விட்டு வைத்தார்கள். சிறிய திருத்தம்தான். ஆனால் ‘நாளைக்கு ஏதாவது உடைந்தால் இவர்கள் வந்து பழுது பார்ப்பார்கள்’ என்ற நம்பிக்கை அப்படித்தான் வந்தது.

அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிது என்பதற்கு வெளியுலகிலிருந்து ஒரு கதை. லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய இயங்குதளம். அதன் மூலநிரல் ஊர்ப் பொதுக்கிணறு போலத் திறந்தே கிடக்கும். யாரும் இறைக்கலாம், யாரும் தூர்வாரலாம். ஆனால் புதிதாக ஒரு கல்லை உள்ளே பதிக்க வேண்டுமானால் காவலர்கள் ஒப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் கான் கோலிவாஸ் என்று ஒரு மயக்க மருந்து மருத்துவர். நிரல் எழுதத் தாமாகவே கற்றுக்கொண்டவர். கணினியில் ஒரே நேரத்தில் பல வேலைகள் காத்திருக்கும்போது யாரை முதலில் கவனிப்பது, யாருக்கு எவ்வளவு நேரம் தருவது என்பதற்கு, மருந்தகத்தில் வரிசை எண் கொடுப்பது போல, எல்லாருக்கும் நியாயமான பங்கு தரும் ஒரு முறையை எழுதினார். பயன்படுத்தியவர்கள் பாராட்டினார்கள். 2007இல் லினக்ஸ் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் எழுதிய நிரலை ஏற்கவில்லை. அதே எண்ணத்தை வைத்து, நெடுநாள் உள்ளிருந்து பணியாற்றிய இங்கோ மோல்னார் புதிதாக எழுதிய நிரலே உள்ளே போனது. 2023 வரை அதுவே ஓடியது. குறை சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் வாதாடாமல் பழுது பார்ப்பவர் யார் என்பதையே தாம் பார்த்ததாக டோர்வால்ட்ஸ் விளக்கம் தந்தார். மருத்துவர் மனம் உடைந்து ஒதுங்கினார். இரண்டாண்டு கழித்து வேறொரு நிரலோடு திரும்பி வந்தார், ஆனால் அதை உள்ளே சேர்க்கக் கேட்கவில்லை.

இது நியாயமா? எனக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. மோல்னார் தம் அறிவிப்பிலேயே கோலிவாஸுக்கு நன்றி சொன்னார் என்பது உண்மை. ஆனால் உழைத்தவன் வாசலில் நிற்க, அவன் எண்ணம் மட்டும் வீட்டுக்குள் போவதைத் தோட்டத்தில் வளர்ந்த என்னால் சுலபமாக ஏற்க முடியவில்லை.

திஸ்கிக்கும் உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. அதன் விளைவாகத் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளையும், தமிழ்99 என்ற விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. விசைப்பலகை நிலைத்துவிட்டது, இன்றும் பலர் அதில்தான் தட்டுகிறார்கள். குறியீட்டில் மட்டும் இரண்டு கட்சி. ஒன்றுக்கு அரசாணை பலம், மற்றொன்றுக்குத் தன்னார்வலர் பலம். எது வென்றது என்று கேட்டால், இரண்டும் வெல்லவில்லை. ஆனால் திறமூல உலகம் எதைக் கையில் எடுத்தது என்று பார்ப்பது பயனுள்ளது. லினக்ஸில் வரும் கேடிஈ மேசைத்தளத்துக்கு அடித்தளமான க்யூட்டி மென்பொருளில் திஸ்கியைப் படிக்கும் பகுதியை எழுதிச் சேர்த்தவர் ஹான்ஸ் பீட்டர் பைக்கர். லினக்ஸின் அடிப்படை நூலகமான குனு சி நூலகத்தில் 2002இல் அதை எழுதிச் சேர்த்தவர் புரூனோ ஹைபிள். இருவரும் தமிழர் அல்லர். தமிழ்நாட்டு ஆணையும் அவர்களைக் கட்டுப்படுத்தாது, நம் பற்றும் அவர்களுக்கு இல்லை. எந்த நாற்காலியில் எந்த எழுத்து என்று தெளிவாக எழுதி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திஸ்கி அட்டவணை பொதுவில் வைக்கப்பட்டிருந்தது. அது போதுமானதாக இருந்தது.

கொரியர்கள் போன பிறகு மூடிய கதவு

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேன். பாதி எனக்கு விளங்கவில்லை. தேநீர் இடைவேளையில் காதில் விழுந்த சொல் யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய மண்டபம். ஆளுக்கு ஆள் நாற்காலிச் சண்டை போட வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 ஏற்கெனவே தமிழுக்கு யூனிகோடு வழியைத் திறந்திருந்தது. திஸ்கியைச் செய்தவர்களே யூனிகோடு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே வழியனுப்ப ஒரு மனம் வேண்டும்.

ஆனால் அந்த மண்டபத்தில் நம் இருக்கை எப்படி அமைந்தது? 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய அரசு 1988இல் வகுத்த குறியீட்டை அப்படியே பார்த்துத் தமிழுக்கும் இடம் போட்டார்கள். தேவநாகரிக்கு எடுத்த அச்சில் தமிழை வார்த்தது போல. உயிரெழுத்து, அகரமேறிய மெய், பிறகு கால் கொம்பு சுழி. ‘க்’ என்ற தூய மெய்க்குத் தனி இடம் கிடையாது. ‘க’ போட்டுப் புள்ளி வைக்க வேண்டும். தொல்காப்பியம் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்கிறது. இங்கே உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழற்றி மெய். ‘கொ’ என்று ஓர் எழுத்தைச் சேமிக்க இன்று வழக்கமான முறையில் ஆறு பைட்டுகள் ஆகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் நம் சொற்களை ஆங்கிலச் சொற்களைவிடப் பொடிப் பொடியாக நறுக்கித்தான் படிக்கின்றன.

ஆகவே எல்லா உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் எழுந்தது. அதன் முதிர்ந்த வடிவம் ‘டேஸ்16’. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு அமைப்பு அதை ஏற்கவில்லை.

ஏன்? கொரியர்களுக்கு இதே போன்ற குறை இருந்தது. அவர்கள் 1996இல் வெளிவந்த யூனிகோடு 2.0 பதிப்பில், முன்பு கொடுத்த இடங்களைக் காலி செய்யச் சொல்லி, 11,172 அசையெழுத்துகளுக்கும் வரிசையாகப் புது இடம் வாங்கிவிட்டார்கள். அதனால் பழைய ஆவணங்கள் குழம்பின. இனி ஒருவருக்கும் இடம் மாற்றித் தருவதில்லை, கொடுத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்று யூனிகோடு அமைப்பு உறுதி பூண்டது. நாம் கதவைத் தட்டியது அதற்குப் பிறகு. கொரியர்கள் கேட்டது சரி, நாம் கேட்டது தவறு என்பதல்ல. அவர்கள் போனபோது கதவு திறந்திருந்தது. 1988இலும் 1991இலும் முடிவெடுத்த மேசையில், கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் விடுங்கள், எழுத்துரு செய்துகொண்டிருந்த தமிழர்கள் எத்தனை பேருக்கு நாற்காலி இருந்தது?

நேரத்தோடு போனால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் தமிழ்க் கட்டத்தில் மேலும் கிரந்த எழுத்துகளைச் சேர்க்கவும், கிரந்தத்துக்கு அமைக்கும் கட்டத்தில் தமிழுக்கே உரிய எழுத்துகளைச் சேர்க்கவும் முன்மொழிவுகள் வந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அரசே தலையிட்டது. எழுத்துகள் ஏறுவதற்கு முன்பே குரல் எழுந்ததால் அது எடுபட்டது. 2014இல் யூனிகோடு 7.0 பதிப்பில் கிரந்தம் தனிக் கட்டமாக வந்தபோது அதில் எ, ஒ, ழ, ற, ன இல்லை. இன்னொன்று, 2019இல் நடந்தது. முந்திரி, காணி, மா என்று நம் பாட்டன்மார் கணக்கு எழுதிய பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள் யூனிகோடு 12.0 பதிப்பில் இடம் பெற்றன. அங்கே கூச்சல் இல்லை. இந்தக் குறி இந்தக் காலத்து ஆவணத்தில் இந்தப் பொருளில் வருகிறது என்று பொறுமையாகச் சான்று காட்டினார்கள். இருந்ததை மாற்று என்று கேட்கவில்லை; இல்லாததைச் சேர் என்று கேட்டார்கள். கதவின் அந்தப் பக்கம் இன்றும் திறந்துதான் இருக்கிறது.

திஸ்கியை 2007இல் இணைய எண்களையும் பெயர்களையும் பதிவு செய்யும் உலக அமைப்பின் பட்டியலில் முறையாகச் சேர்த்தார்கள். அதற்குள் ஊர் முழுதும் யூனிகோடுக்கு மாறியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வந்த நற்சான்றிதழ் என்று நான் நினைத்தேன்.

போன ஆண்டு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பெட்டியில் பழைய வட்டுகள் கிடைத்தன. 1996 வட்டை எந்தக் கணினியாலும் படிக்க முடியவில்லை. அந்த எழுத்துருவைச் செய்தவர் யார் என்றே தெரியவில்லை. இன்னொரு வட்டு 2000ஆம் ஆண்டில் திஸ்கியில் அடித்த பள்ளிச் சிறப்பிதழ். என் பேத்தி லினக்ஸ் கணினியில் போட்டு ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தாள். முன்பு சொன்னேனே, 2002இல் குனு சி நூலகத்தில் ஒருவர் எழுதி வைத்த பகுதி, அது இன்னும் அங்கேயே இருக்கிறது. முதல் பக்கம் திரையில் விரிந்தது. “தாத்தா, ‘இனிய வணக்கம்’னு ஆரம்பிக்குது” என்றாள். ‘இ’ அதன் இடத்தில் இருந்தது.